தனி மரம் தோப்பாகாது

ஸ்ரீவராகத்தில் குளத்தை அடுத்த தெரு ஒன்றில் வாழும் அன்னையார் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டுக் கொல்லையில் ஒரு ஜாதிக்காய் மரம் நிற்கிறது. நட்டு ஒன்பது ஆண்டுகள் ஆயின. மூன்று ஆண்டுகளாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ஆனால் இன்றுவரை ஒரு காயேனும் பிடித்ததில்லை. மரம் மலடு என்றும், அதை வெட்டிவிட்டு அவ்விடத்தில் ஒரு தென்னையை வைக்கலாம் என்றும் அண்டை வீட்டார் கூறுகின்றனராம். “பூக்கிற மரத்தை வெட்ட மனம் வரவில்லை, காய்க்காத மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. தாங்கள்தாம் ஒரு வழி கூற வேண்டும்” என்று அன்னையார் கேட்கிறார்.

அன்னையாருக்கு முதலில் விடை கூறிவிடுவோம். காரணத்தைப் பின்னர் விரிப்போம். மரத்தை வெட்ட வேண்டாம். அது மலடு அன்று, ஆண் மரம். ஜாதிக்காயில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரத்தின் பூக்கள் பலவாகக் கொத்தில் தொங்கும். பெண் மரத்தின் பூக்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டாகவே காணப்படும். இரண்டும் வெளிர்மஞ்சள் நிறத்தில், சிறு குடுவையைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். பிளந்து பார்த்தால்தான் வேற்றுமை விளங்கும். ஆண் பூவின் நடுவே மகரந்தத்தைத் தாங்கிய தூண் ஒன்று நிற்கும். பெண் பூவினுள்ளே இளங்காய் போன்ற சூலகம் அமர்ந்திருக்கும். தோட்டக்காரர்கள் பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் என்ற கணக்கில் ஆணை விட்டுவைப்பது வழக்கம். அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் எங்கேனும் ஒரு ஜாதிக்காய் காய்க்கின்றதென்றால், அதற்கு இந்த ‘மலட்டு’ மரமே காரணமாயிருத்தல் கூடும். தம் வீட்டிலும் காய் வேண்டுமென்றால், பெண் மரத்தின் ஒட்டுக்கன்று ஒன்றை அதன் அருகில் அன்னையார் நட்டுக்கொள்ளலாம். ஆண் மரத்தின் கிளையிலேயே பெண் மரத்து ஒட்டைக் கட்டுவதும் உண்டு.

இவ்வினா ஒரு கொல்லையைப் பற்றியதாகத் தோன்றினாலும், ஒரு காட்டின் வாழ்வே இதனுள் அடங்கியிருக்கிறது. ஆதலின் இத்திங்கள், மரங்கள் எவ்வாறு தம் சந்ததியைப் பெருக்குகின்றன, அதற்குத் தம் பூவே போதுமா, பிறிதொரு மரத்தின் துணை வேண்டுமா என்பதைக் குறித்துச் சிறிது பேசுவோம்.

பூவும் தூதும்

விலங்குகள் துணையைத் தேடிச் செல்லும். பறவைகள் பறந்து செல்லும். மரமோ முளைத்த இடத்திலேயே நின்று முதிர்ந்து மாய்வது. அதற்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. ஆகையால் அது தன் உயிர்த்துகளைப் பிறரிடம் கொடுத்தனுப்புகிறது. பூவிலுள்ள மகரந்தத்தூள் சூலகத்தின் உச்சியிலுள்ள சூல்முடியில் சென்று படியவேண்டும். படிந்த துகள் நுண்ணிய குழாயாக உள்ளே நீண்டு சூலை அடையவேண்டும். அதன் பின்னரே பூ காயாகும். காயினுள் விதை உண்டாகும்.

ஒரு பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியிலோ, அதே மரத்தின் மற்றொரு பூவிலோ சேருமானால் அது தன்மகரந்தச் சேர்க்கை. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தின் மகரந்தம் வந்து சேருமானால் அது அயல்மகரந்தச் சேர்க்கை. முன்னதில் தூதும் செலவும் குறைவு, பயன் உறுதி. பின்னதற்கோ காற்றையோ, வண்டையோ, வௌவாலையோ நம்பியிருத்தல் வேண்டும். மரம் எளிய வழியையே விரும்பும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் பெரும்பாலான காட்டு மரங்கள் அருமையான வழியையே தேர்ந்திருக்கின்றன. அதுமட்டுமன்று, தன் மகரந்தம் தன்னையே வந்து சேராதபடி தடுப்பதற்குப் பற்பல ஏற்பாடுகளையும் அவை செய்துகொண்டிருக்கின்றன.

இந்நாட்டில் தென்னை இல்லாத வீடு அரிது. ஆகவே அதனையே முதலில் நோக்குவோம். நெட்டைத் தென்னையின் பாளை வெடித்ததும் ஆண் பூக்கள் முதலில் மலர்ந்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. ஏறத்தாழ மூன்று வாரங்களில் அவை ஓய்ந்துவிடும். அதன் பின்னரே அப்பாளையிலுள்ள பெண் பூக்கள், நாம் குரும்பை என்று கூறுபவை, மகரந்தத்தை ஏற்கும் பருவம் அடைகின்றன. ஒரே பாளையில் பிறந்தும் அவை ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஆதலின் நெட்டைத் தென்னைக்குப் பெரும்பாலும் அயல் மரமே துணை. குட்டைத் தென்னையிலோ இவ்விரு பருவங்களும் ஒன்றோடொன்று இணைந்து வருவதால், அது பெரும்பாலும் தன்மகரந்தத்தாலேயே காய்க்கிறது. குட்டைத் தென்னை தலைமுறைதோறும் தாயைப் போலவே இருப்பதற்கும், நெட்டைத் தென்னையின் பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்று இராமைக்கும் இதுவே காரணம். 1932-ஆம் ஆண்டில், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நீலேசுவரத்தில், ஜே. எஸ். படேல் என்னும் வேளாண் அறிஞர் நெட்டைத் தென்னையின் பூவில் குட்டைத் தென்னையின் மகரந்தத்தைச் சேர்த்துப் புதிய கலப்புத் தென்னையை உண்டாக்கினார். விரைவில் காய்த்து, வளமாகவும் வளர்ந்த அப்பிள்ளைகளே இன்றைய கலப்புத் தென்னைகளுக்கெல்லாம் முன்னோடி.

மரங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள்

காட்டு மரங்கள் கையாளும் முறைகளை நான்கு வகையாகக் கூறலாம்.

முதலாவது, ஆணையும் பெண்ணையும் தனித்தனி மரங்களாகவே வைத்துவிடுவது. ஜாதிக்காய் இவ்வகையைச் சார்ந்தது. கேரள நாட்டுச் சமையலறைகளில் அடுப்புக்கு மேலே புகையேறிக் கறுத்துத் தொங்கும் குடம்புளியும் நம் மேற்கு மலைகளுக்கே உரிய மரம்தான். அதிலும் ஆண் மரம், பெண் மரம் என்ற பிரிவு உண்டு. விதையிலிருந்து வளர்த்தவர்களுக்கு ஏறக்குறையப் பாதி மரங்கள் ஆணாக முடிவதும், அது தெரிய ஆண்டுகள் பல ஆவதும் இதனாலேயே.

இரண்டாவது, ஒரே மரத்தில் ஆண் பூவையும் பெண் பூவையும் வேறு வேறாக வைப்பது. பலாவும் ஆஞ்ஞிலியும் இவ்வாறானவை. பலா நமக்குக் கொல்லை மரம் என்று பழகிவிட்டது. உண்மையில் அது மேற்கு மலைக்காடுகளின் பழங்குடி. அதன் ஆண் திரள் மெலிந்து நீண்டு, மகரந்தத்தை உதிர்த்தபின் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து விழுந்துவிடும். பிள்ளைகள் அதனைப் பிஞ்சு என்று எண்ணி, வீணாக உதிர்கிறதே என்று வருந்துவர். வருந்த வேண்டியதில்லை, அது தன் தொழிலை முடித்துக்கொண்டே விழுகிறது. அப்பூஞ்சணமும் பயனற்றதன்று. அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆண் திரளில் வளரும் ஒரு நுண்ணிய ஈயே பலாவின் மகரந்தத்தைப் பெண் திரளுக்குக் கொண்டு செல்வதைக் காட்டியது. வருக்கையின் கொட்டையை நட்டவருக்குக் கூழன் காய்ப்பதும், கூழனின் கொட்டையிலிருந்து வருக்கை வருவதும் அயல்மகரந்தத்தின் விளையாட்டே.

மூன்றாவது, ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருந்தாலும் காலத்தால் பிரித்து வைப்பது. நாம் பூசைக்குப் பறிக்கும் சண்பகம் காட்டு மரமே. அதன் பூவில் பெண் பகுதி முன்னே முதிர்ந்து, அதன் பருவம் கழிந்த பின்னரே ஆண் பகுதி மகரந்தத்தை வெளியிடும்.

நான்காவதே யாவற்றினும் வியப்புக்குரியது. பூவில் ஆணும் பெண்ணும் இருக்கும். ஒரே வேளையில் முதிர்ந்துமிருக்கும். தன் மகரந்தம் சூல்முடியில் வந்து படியவும் படியும். ஆயினும் பூ அதனை ‘என்னுடையது’ என்று அடையாளங்கண்டு ஏற்க மறுத்துவிடும். அத்துகளின் குழாய் வழியிலேயே நின்றுவிடும். அல்லது சூலை அடைந்தும் விதை வளராது. தேக்கு இதற்குத் தக்க சான்று. தேக்கின் ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான வெண்பூக்கள் மலரும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பகல்தான் ஆயுள். அந்த ஒரு பகலுக்குள் வேறொரு தேக்கின் மகரந்தத்தைப் பூச்சிகள் கொண்டு வந்து சேர்க்கவேண்டும். அத்தனை பூக்களில் காயாவன மிகச் சிலவே. இலவும் இத்தகையதே. ‘இலவு காத்த கிளி’ என்று பழம் வேண்டிக் காத்திருந்த கிளியைப் பரிகசிக்கிறோம். ஆனால் செக்கச் சிவந்த இலவம்பூ மலரும் நாளில் தேன் வேண்டி வரும் காகமும் மைனாவும் ஏமாந்து திரும்புவதில்லை. தலையில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அவை மரத்துக்கு மரம் செல்வதாலேயே இலவு காய்க்கிறது, பஞ்சு கிடைக்கிறது.

அறிஞர்களின் எண்ணம் மாறிய வரலாறு

இவ்வளவும் இன்று நமக்குத் தெரிகிறது. ஆனால் 1950-களிலும் 1960-களிலும் தாவர அறிஞர் பலர் வேறு விதமாகவே கருதினர். வெப்பநாட்டுப் பெருங்காட்டில் ஒரே இனத்து மரங்கள் அருகருகே நிற்பதில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வேறு இனத்து மரங்கள் எத்தனையோ நிற்கும். இவ்வளவு தொலைவில் நிற்பவை ஒன்றோடொன்று மகரந்தம் மாற்றிக்கொள்வது எவ்வாறு? ஆகவே காட்டு மரங்கள் தம் மகரந்தத்தாலேயே விதை ஈனுகின்றன என்பது அவர்கள் துணிபு. ரஷ்ய நாட்டுப் பெதொரோவ் 1966-இல் இக்கருத்தை வலியுறுத்தி எழுதினார்.

இதனை ஆராய்ந்து பார்த்தவர்களுள் ஒருவர் இந்தியரான கமல்ஜித் பாவா. நடு அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்காவின் தாழ்நிலக் காட்டில், பூக்களைப் பிற பூச்சிகள் அணுகாதவாறு காத்து, சிலவற்றில் அம்மரத்து மகரந்தத்தையும், சிலவற்றில் அயல்மரத்து மகரந்தத்தையும் இட்டுப் பார்த்தார். 1974-இல் அவர் வெளியிட்ட கணக்கு வருமாறு: அக்காட்டு மர இனங்களில் நூற்றுக்கு 22 ஆண், பெண் தனித்தனி மரங்களாக உள்ளவை, 54 இருபாற்பூக்களை உடையவையாயினும் தன்மகரந்தத்தை மறுப்பவை, 10 ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் வேறாக உடையவை, தன்மகரந்தத்தை ஏற்பவை 14 மட்டுமே. முதல் இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 76 இனங்கள் அயல் மரமின்றிச் சந்ததி காண இயலாதவை! தொலைவு பெரிதாயினும் தூதுவர் வல்லவர் என்பது அதன் பின்னர் மெல்ல மெல்ல விளங்கலாயிற்று. இந்தப் பாவாவே பின்னாளில், 1996-இல், பெங்களூரில் இயற்கை ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் தோன்றக் காரணராயிருந்தார்.

நம் மலையில் நிகழ்வது

கோஸ்டாரிக்கா நமக்கு வெகுதூரம், அகத்தியமலையோ அருகில். 1,868 மீட்டர் உயர்ந்த அச்சிகரத்தைச் சூழ்ந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவிலிருந்து நெய்யாறும் நம் கரமனையாறும் இறங்குகின்றன. கிழக்குச் சரிவிலிருந்து தாமிரபரணி இறங்குகிறது. நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து இவ்வூரில் குடியேறிய நம்மவர், அன்று குடித்த நீரும் இன்று குடிக்கும் நீரும் ஒரே மலை தந்தவையே.

கிழக்குச் சரிவில், களக்காடு – முண்டந்துறைக் காட்டைச் சேர்ந்த காக்காச்சி என்னும் இடத்தில், சௌபத்ரா தேவி, பிரியா தாவிதார் ஆகிய இருவரும் 86 இனத்து மரங்களின் பூக்களை ஆராய்ந்து 2003-இல் கட்டுரை வெளியிட்டனர். வானளாவிய மரங்களின் உச்சியில் ஏறியமர்ந்து, எந்தப் பூவுக்கு எந்த விருந்தாளி வருகிறார் என்று பகலும் இரவும் பார்க்கவேண்டிய பணி அது. பெரும்பாலான மரங்கள் ஏதேனும் ஒரு வகைத் தூதுவரையே சிறப்பாக நம்பியிருப்பதை அவர்கள் கண்டனர். சிலவற்றுக்குத் தேனீ, சிலவற்றுக்கு வண்டு, சிலவற்றுக்கு இரவில் வரும் அந்து.

அக்காட்டில் மிகுதியாக நிற்பது வெடிப்பலா. அதன் பூவுக்கு இதழே இல்லை. பழுப்பு நிறத்தில், தடித்த கொத்துக்களாகக் கிளையை ஒட்டிப் பூக்கும். அழகென்று கூற ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே தேன் நிறைந்திருக்கும். காட்டில் பழங்கள் அருகியிருக்கும் மாதங்களில் இது பூக்கின்றது. பகலில் சிங்கவால் குரங்கும் மலையணிலும் வந்து அப்பூவைத் தின்னும். இரவில் வௌவால் வரும். தின்பவை பூவை அழிக்கின்றன என்றே எவரும் நினைப்பர். கணேசும் தேவியும் செய்த ஆய்வில், இவ்விலங்குகளே முகத்தில் மகரந்தத்தை ஏந்தி மரத்துக்கு மரம் சேர்ப்பவை என்பது வெளியாயிற்று. சில பூக்களை இரையாகக் கொடுத்து, எஞ்சியவற்றுக்கு வாழ்வளிக்கிறது வெடிப்பலா. குரங்கு இல்லாத காட்டில் இம்மரம் எத்தனை நாள் தழைக்கும் என்பது சிந்தித்தற்குரியது.

இனி, மேற்குச் சரிவுக்கு வருவோம். நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை வழியாகத் தென்காசிக்குப் போகும் அன்பர்கள் குளத்துப்புழை சாஸ்தா கோயிலில் இறங்கி மீனுக்குப் பொரியிடாமல் போகமாட்டார்கள். அப்பகுதிக் காடுகளின் பள்ளங்களில், ஆண்டு முழுதும் நீர் கசிந்து நிற்கும் சதுப்பில், நம் ஜாதிக்காயின் உறவு மரங்கள் தோப்பாக நிற்கின்றன. சேற்றிலே மூச்சு முட்டாதிருக்க, வேர்கள் மடக்கிய முழங்கால்போல் மேலெழுந்து வளைந்து இறங்கும். 1960-இல் கிருஷ்ணமூர்த்தி என்னும் அறிஞர் இச்சதுப்புக் காடுகளைக் குறித்து எழுதிய பின்னரே இவற்றின் பெருமை உலகுக்குத் தெரிந்தது. வயலாக்கவும் தோட்டமாக்கவும் பள்ளங்கள் திருத்தப்பட்டமையால் இன்று எஞ்சியிருப்பவை சிறு சிறு துண்டுகளே. இம்மரங்களிலும் ஆண் வேறு, பெண் வேறு. இவற்றின் தூதுவரோ மிகச் சிறிய வண்டுகளும் கண்ணுக்கு அரிதிற் புலப்படும் நுண்பூச்சிகளும். தேனீயைப்போல் காதவழி பறக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. ஒரு துண்டுக் காட்டில் ஆண் மரங்கள் சாய்ந்துவிட்டால், பெண் மரங்கள் நூறாண்டு நின்றாலும் பயனில்லை.

அதற்கு அப்பால், ஆரியங்காவுக் கணவாயின் தென்புறத்தே, செங்குறிஞ்சி நிற்கிறது. மாமரத்துக்கு உறவான இம்மரம் இம்மலைத்தொடரின் தென்கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. செந்துருணி ஆறும், 1984-இல் அமைந்த செந்துருணி வனவிலங்குக் காப்பகமும் இம்மரத்தின் பெயரையே கொண்டிருக்கின்றன. வேறெங்கும் இல்லாத மரத்துக்கு வேறெங்கிருந்தும் மகரந்தம் வரப்போவதில்லை. இங்குள்ள மரங்கள் ஒன்றுக்கொன்று துணையாயிருந்தாலொழிய அதற்கு வேறு கதியில்லை.

‘அத்தி பூத்தாற்போல’ என்பது நம் வழக்கு. அத்தியும் ஆலும் அரசும் பூக்காமல் இல்லை. பூவைக் காய்க்குள்ளே மறைத்து வைத்திருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கென அமைந்த குளவி உண்டு. எள்ளளவே உள்ள அக்குளவி, காயின் நுனியிலுள்ள துவாரத்தின் வழியே நுழைந்து, தான் பிறந்த மரத்திலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பெண் பூக்களில் சேர்த்து, அங்கேயே முட்டையிட்டு மடிகிறது. அதன் குஞ்சுகள் வளர்ந்து வெளியேறும் நாளில்தான் அக்காயின் ஆண் பூக்கள் முதிரும். பெண் பூக்களின் பருவமோ என்றோ கழிந்திருக்கும். ஆகவே மகரந்தத்தை ஏந்திய இளங்குளவி வேறு காய்களைத் தேடியே செல்லவேண்டும். இரண்டொரு நாளே வாழும் இவ்வுயிர் காற்றில் மிதந்து செல்லும் தொலைவோ நம்புதற்கு அரியது. ஆப்பிரிக்காவின் நமீபியாவில் ஆற்றங்கரை அத்தி மரங்களை ஆராய்ந்தவர்கள், 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் சென்றிருப்பதை 2009-இல் காட்டினர். நம் குளக்கரை அரசமரத்தில் காய்த்த ஒரு காய்க்குத் தந்தை எந்த ஊர்க் கோயில் அரசோ, யார் அறிவர்!

தன்மகரந்தத்தில் குறை யாது?

இவ்வளவு பாடுபட்டு அயல்மகரந்தத்தை வேண்டுவது எதற்காக? இதற்கு விடை தேடி சார்லஸ் டார்வின் 11 ஆண்டுகள் பாடுபட்டு, 1876-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். காலையில் மலர்ந்து வாடும் ஒரு கொடியின் விதைகளை இருவகையாகப் பெற்று, ஒரே தொட்டியில் எதிரெதிரே நட்டு, பத்துத் தலைமுறைவரை அளந்து வந்தார். அயல்மகரந்தத்தில் பிறந்த கொடி 100 அங்குலம் வளர்ந்தால், தன்மகரந்தத்தில் பிறந்தது சராசரியில் 77 அங்குலமே வளர்ந்தது. ஆறாம் தலைமுறையில் மட்டும் தன்மகரந்தத்தில் பிறந்த ஒரு கொடி, எதிரியை அரை அங்குலம் முந்திவிட்டது. டார்வின் மகிழ்ந்து அதற்கு ‘வீரன்’ என்று பெயரிட்டார். விதிக்கு விலக்கும் உண்டு என்பதை மறையாது எழுதியது அப்பெரியாரின் நேர்மை.

காரணம் பின்னாளில் தெளிவாயிற்று. ஒவ்வொரு மரமும் தன் இயல்புகளைக் குறிக்கும் மரபுக்கூறுகளை இரட்டை இரட்டையாகச் சுமக்கிறது. தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. அவற்றுள் ஒன்று பழுதானாலும், மற்றொன்று நல்லதாயிருந்தால் தீங்கு வெளிப்படாது. ஆனால் தன் மகரந்தத்தாலேயே விதை உண்டாகும்போது, நான்கு விதைகளில் ஒன்றுக்கு அப்பழுது இரு புறத்தினின்றும் வந்து சேர்ந்துவிடும். அவ்விதை முளைக்காமற் போகும். முளைத்தாலும் நலிந்து வளரும். நோய்க்கு எளிதில் இரையாகும். ஒரே கோத்திரத்தில் கொள்வினை கொடுப்பினை கூடாதென்று நம்மவரில் பலர் விலக்கியதை இங்கே சிலர் நினைவுகூரலாம். மனிதர் வழக்கை மரத்துக்கு அளவுகடந்து பொருத்துவது தகாது. எனினும் நெருங்கிய இரத்தம் நெருங்கிய இரத்தத்தோடு மீண்டும் மீண்டும் கலப்பதில் உள்ள ஆபத்து இரண்டிடத்தும் ஒன்றே.

அப்படியானால் தன்மகரந்தம் முற்றும் இகழத்தக்கதோ? அன்று. புதிய தீவுக்கோ வெட்டவெளிக்கோ தன்னந்தனியாக வந்து விழுந்த விதைக்கு அயலார் எங்கே? தானே தனக்குத் துணையாகும் ஆற்றலுடைய செடியே அங்கு வேரூன்றும். 1955-இல் பேக்கர் என்னும் அறிஞர் இதனை எடுத்துக்காட்டினார். குடியேறிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். புதிய ஊரில் முதல் சில ஆண்டுகள் தன் கையே தனக்கு உதவி. மகரந்தமே வேண்டாத மூன்றாவது வழியும் உண்டு. குருக்கன், சந்திரக்காரன் முதலிய மேற்குக்கரை மாங்கொட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் கிளம்புவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றுட் பெரும்பாலானவை தாய்மரத்தின் அச்சே. இவையெல்லாம் இக்கட்டில் உதவும் வழிகள். ஆயிரம் ஆண்டுகள் நிலைக்க வேண்டிய காட்டுக்கு, மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் நோய்க்கும் ஈடுகொடுக்க, வேற்றுமையுடைய பிள்ளைகள் வேண்டும்; வேற்றுமை அயலிலிருந்தே வரும்.

தனித்து நிற்கும் மரம்

‘தனி மரம் தோப்பாகாது’ என்ற பழமொழியை நாம் ஒற்றுமையைப் புகழவே பயன்படுத்துகிறோம். இதுகாறும் கண்டவற்றை எண்ணினால் அது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது புலனாகும். காட்டை வெட்டித் தோட்டமாக்கும்போது, நிழலுக்கென்றோ அழகுக்கென்றோ ஒரு பெருமரத்தை விட்டுவைப்பர். அது பசுமையாக நிற்கும், பூக்கும். பார்ப்பவருக்கு யாதொரு குறையும் தோன்றாது. ஆனால் அதன் விதை முளைக்கிறதா, கன்று நிலைக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. மரம் நிற்கும், வமிசம் நின்றுபோயிருக்கும்.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. குடகு நாட்டில் காப்பித் தோட்டங்களுக்கிடையே சிதறி நிற்கும் வெள்ளகில் மரங்களை 216 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு விதைக்கும் தந்தை மரம் எது என்று மரபுக்கூறுகளைக் கொண்டே கண்டறிந்து, 2012-இல் வெளியிட்டனர். மரங்கள் அருகிப்போன சிறு காட்டுத் துண்டுகளில், அண்டையிலுள்ள உறவு மரங்களுக்குள்ளேயே சேர்க்கை மிகுந்திருந்தது. ஆனால் முற்றிலும் தனித்து நின்ற மரங்களுக்கோ, 5 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பல்வேறு மரங்களின் மகரந்தம் வந்து சேர்ந்திருந்தது! தூதுவர் உயிரோடிருந்து, தொலைவிலேனும் உறவினம் இருக்குமானால், தனி மரம் உண்மையில் தனி மரம் அன்று; கண்ணுக்குத் தெரியாத பெருந்தோப்பின் ஓர் உறுப்பு. அதனை வெட்டுகிறவர் ஒரு மரத்தை மட்டும் வெட்டுவதில்லை. இரு காடுகளை இணைத்த பாலத்தையே தகர்க்கிறார்.

நாம் செய்யக்கூடியது

1950-இல் தொடங்கிய வனமகோத்ஸவம் ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. சங்கங்களும் பள்ளிகளும் கன்று நடுகின்றன. நல்ல காரியமே. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நடவேண்டும்: இக்கன்றுகளின் விதை எத்தனை மரங்களிலிருந்து எடுத்தது? கைக்கு எட்டிய ஒரே மரத்தடியில் ஒரு சாக்கு விதையைப் பொறுக்கி வந்து ஆயிரம் கன்றுகள் வளர்த்தால், அந்த ஆயிரமும் ஒரு தாய்ப் பிள்ளைகள். நாளை அவை பூக்கும்போது தம்முள்ளேதான் மகரந்தம் மாற்றிக்கொள்ள நேரும். ஆகவே விதை சேர்ப்போர் ஒன்றுக்கொன்று 50 முதல் 100 மீட்டராவது இடைவெளி உள்ள பல தாய்மரங்களிலிருந்து, ஒவ்வொன்றிலும் சிறிதளவே எடுத்துக் கலந்துகொள்ள வேண்டும் என்று வனவியலார் கூறுவர். காப்புக்காடுகளில் அனுமதியின்றி விதை பொறுக்குதல் கூடாது. வனத்துறை நாற்றங்கால்களில் கேட்டு வாங்கலாம். நம் மலையின் அரிய மரங்களைப் பேணி வளர்க்கும் தாவரவியல் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் 1979 முதல் பாலோட்டில் இயங்கி வருகின்றன. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுதல் நன்று.

ஆணும் பெண்ணும் வேறான மரத்தை ஒன்றாக நடாமல் சிலவாக நடுங்கள்; ஒரு கொல்லையில் இடமில்லையெனில் அண்டை வீட்டாருடன் பேசிப் பகிர்ந்து நடுங்கள். கூரையில் தேனீ கூடு கட்டினால் தீயிட்டு அழிக்காமல், அறிந்தவரை அழைத்து அகற்றச் செய்யுங்கள். பூக்கும் காலத்தில் மரத்துக்கு மருந்து தெளிக்காதீர்கள். மாலையில் வரும் வௌவாலைக் கல்லெறிந்து விரட்டும் சிறுவருக்கு, அது சுமந்து செல்வது இன்னதென்று எடுத்துக் கூறுங்கள்.

வேர்விட்ட இடத்தில் நிலைத்து நிற்பதும், அயலோடு கொண்டும் கொடுத்தும் வாழ்வதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. மரங்கள் இவ்விரண்டையும் ஒருங்கே செய்து காடாகியிருக்கின்றன. பிறந்த மண்ணை விட்டு வந்து இம்மண்ணில் வேரூன்றிய குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்த திங்கள், இவ்வாறு உண்டான விதைகள் தாய்மரத்தடியிலேயே விழுந்து கிடவாமல் எவ்வாறு பயணம் செல்கின்றன என்பதைக் காண்போம்.